கெப்புக்குள்ள ரேஸ் பண்ணினது ஆரு?

நான் புழுகுறன் எண்டு நினைக்கிறவங்க நினைச்சிட்டுப் போங்க. முப்பத்தொரு வருசமா டீசல் எஞ்சினுக்குள்ள தலைய விட்டவன் நான். ஆரும் பேய் எண்டு கதைச்சா, "முதல்ல பெற்றரியச் செக் பண்ணுங்கடா" எண்டு ஏசி அனுப்புவன். அதே வாயாலதான் இதையும் சொல்றன். 2023 செப்டெம்பர் 14, வியாழக்கிழமை. பட்டப்பகல். என்ட ரெண்டு கண்ணால கண்டது.

என்ட பேர் வினாயகமூர்த்தி. வாழைச்சேனையில கராஜ் வச்சிருக்கன். என்ட ஒரே தங்கச்சி வசந்தாதேவி, வீட்டில வசந்தி. அவள்ட புருசன் சுபாகரன், வாகரைப் பக்கம் இறால் எடுத்து விக்கிறவன். அவன் அதுக்குப் பத்தொன்பது நாளைக்கு முன்னாலதான் பின்னுக்குச் சாமான் ஏத்துற பழைய டபுள் கெப் ஒண்டு வாங்கினான். வாங்க முதல் நான்தான் பார்த்தன். டர்போவில மாட்டின ஹோஸக் கழட்டி, உள்ளுக்க காத்தைத் தள்ளுற குட்டிச் சில்ல விரலால சுத்திப் பார்த்தன். ஒரு ஆட்டமில்ல. லேசாச் சுத்திச்சு. "எடுடா" எண்டன். முதல் ஆரு வச்சிருந்தது, ஏன் விக்கிறாங்க எண்டு ஒரு வார்த்தை கேக்கல்ல. எஞ்சின் நல்லா இருந்தா எனக்கு வேற ஒண்டும் தேவையில்ல. அது என்ட திமிர்.

அண்டைக்கு காலம்பற 10.50க்கு சுபாகரன் கோல் எடுத்தான்.

"மச்சான், கெப் இழுக்குதில்ல. கறுப்புப் புகையாத் தள்ளுது."

"எங்க நிக்கிறாய்?"

"பனிச்சங்கேணித் துறையடி. இறாலுக்குப் போட்ட ஐஸ் கரையப்போகுது, கெதியா வாங்க."

எனக்கு உடனே விளங்கிட்டு. டர்போ எண்டது எஞ்சினுக்குள்ள காத்தைத் தள்ளுற சாமான். எங்கேயோ ஹோஸ் கழண்டு காத்துப் போகுது. காத்து இல்லாட்டி டீசல் ஒழுங்கா எரியாது, கறுப்புப் புகைதான் வரும். அரை மணித்தியால வேலை. ஸ்பெனர், சுத்தியல் கிடக்கிற ஆயுதப் பெட்டியக் கட்டிக்கொண்டு மோட்டர்சைக்கிள்ல வெளிக்கிட்டன்.

11.38க்குப் போய்ச் சேர்ந்தன். துறையடியில ஒரு குஞ்சு குருமன் இல்ல. தோணியெல்லாம் கரையில கிடந்திச்சு. வாவி ஆடாம அசையாம கிடந்திச்சு. கெப், மூக்கைத் தண்ணிப் பக்கம் வச்சு இறக்கத்தில நிண்டது. அந்த இடத்தில தண்ணிக்குள்ள மண் அள்ளின குழி இருக்கு, ரெண்டு ஆள் ஆழம். எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு.

"விசரா, இப்பிடியா வாகனத்தை நிப்பாட்டுற? மேட்டுப் பக்கம் கிறுக்கித் திருப்பி விடடா."

"றிவேஸ்ல ஏறுதில்ல மச்சான்."

சரியெண்டு கியர நியூட்ரலுக்கு நானே போட்டன். ஹேண்ட் பிறேக்க நானே இழுத்தன். முன் டயர் ரெண்டுக்கும் பெரிய கல்லு வச்சன். இத மறந்திடாதீங்க. மூண்டையும் செஞ்சிட்டுத்தான் பொனட்டத் தூக்கினன்.

டிரைவர் சீட்டுக்குக் கீழ மெட் நனைஞ்சிருந்திச்சு. ஐஸ் தண்ணி எண்டு நினைச்சன். விரலால தொட்டு மணந்து பார்த்தன். சேத்து மணம். சீட் நல்லா முன்னுக்கு இழுபட்டுக் கிடந்திச்சு.

"இது ஒரு கரைச்சல் மச்சான்," எண்டான் சுபாகரன். "ராவைக்குப் பின்னால தள்ளி வச்சிட்டுப் படுப்பன். விடிஞ்சு பார்த்தா முன்னுக்கு வந்திருக்கும். முழங்கால் இடிக்குது."

"உன்ட கால் வளருதுபோல. வசந்திட்டச் சொல்லி சோத்தைக் குறைக்கச் சொல்றன்." சிரிச்சான். அவன் சிரிச்சத நான் பார்த்த கடைசித் தரம் அதுதான்.

எங்கட வேலையில ஒரு பழக்கம் இருக்கு. ஒராள் உள்ளுக்க இருந்து அக்சிலேட்டர மிதிக்கணும். மற்ற ஆள் டர்போக்குக் கிட்டக் காதை வச்சுக் கேக்கணும். "ரேஸ்" எண்டா மிதிக்கிற. "காணும்" எண்டா காலை எடுக்கிற. தூக்கின பொனட் மறைக்கும். உள்ளுக்க இருக்கிற ஆளைத் தெரியாது. சத்தம் மட்டும்தான் கணக்கு.

11.52. சுபாகரன் ஸ்டார்ட் பண்ணினான். என்னமோ சொன்னான், இரைச்சலில எனக்குக் கேக்கல்ல. நான் குனிஞ்சன்.

"ரேஸ்!"

எஞ்சின் ஏறிச்சு. உஸ்ஸ்ஸ்... எண்டு காத்துப் போற சத்தம். நினைச்ச மாதிரித்தான், ஹோஸ் கிளிப் லூஸ். இறுக்கினன்.

"ரேஸ்!"

இந்த முறை உஸ் இல்ல. நல்ல விசில். ஒரே சீரா, மெல்ல மெல்ல ஏறிச்சு. சுபாகரன் எப்பவும் டக்கெண்டு மிதிக்கிறவன். இது பழகின கால் மாதிரி இருந்திச்சு.

"காணும்!"

அடங்கிச்சு.

"அட, பழகிட்டாய் மச்சான். இன்னொருக்கா, ரேஸ்!"

ஏறிச்சு. எனக்குச் சந்தோசம். வேலை முடிஞ்சுது எண்டு துணியில கையத் துடைச்சன்.

"மச்சான், இந்தாங்க தண்ணி."

எனக்குப் பின்னால சுபாகரன் நிண்டான். கையில போத்தல்.

"நீ... எப்ப இறங்கினாய்?"

"ஸ்டார்ட் பண்ணின உடனேயே போயிட்டன். ரோட்டடி வீட்டுக் கிணத்தில தண்ணி எடுத்திட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனன்."

11.59. எஞ்சின் இன்னும் ஏறிக்கொண்டிருந்திச்சு.

நான் பக்கத்தால போய் எட்டிப் பார்த்தன். சீட்டில ஆருமில்ல. அக்சிலேட்டர் பெடல் அடியோட அமந்து கிடந்திச்சு.

பெடல் இறுகியிருக்கும் எண்டு நினைச்சன். நீலப் புகை வேற வந்திச்சு. டர்போ சீல் போனா எஞ்சின் தன்ட ஒயிலையே குடிச்சு ஓடும், அப்பிடி ஓடினா லேசில நிக்காது. எல்லாத்துக்கும் காரணம் வச்சிருந்தன் நான். பேயெண்டு நினைக்கவேயில்ல. பயப்பட்டிருந்தா அவன் இண்டைக்கு இருப்பான்.

"சுபாகரன், ஏறிச் சாவியத் திருப்பி நிப்பாட்டுடா!"

நான்தான் சொன்னன். அவன் ஏறினான். கதவு தானாச் சாத்திச்சு.

"நிப்பாட்டிட்டன் மச்சான்!" சாவியக் கழட்டி உயர்த்திக் காட்டினான்.

எஞ்சின் நிக்கல்ல.

"இறங்கு, இறங்கு!"

அவன் குனிஞ்சு பார்த்தான். நிமிந்தான். அவன்ட முகம் வெளிறிப்போச்சு.

"மச்சான்... காலை எடுக்க ஏலாம இருக்கு."

"எந்தக் காலை?"

"பெடல்ல வச்ச காலை... மேல இன்னொரு கால் இருக்கு மச்சான்..."

12.03. நான் முன்னுக்கு ஓடினன். எஞ்சினுக்குள்ள காத்துப் போற வாயை அடைச்சா எந்த எஞ்சினும் நிக்கும். நிக்கத்தான் வேணும். போட்டிருந்த சேட்டக் கழட்டிச் சுருட்டி அடைச்சன். ரெண்டு கையாலயும் பொத்தினன்.

நிக்கல்ல.

கர்ர்ர்ரக்... கல்லு அரைபடுற சத்தம்.

நியூட்ரல்ல நிண்ட கெப் நகர்ந்திச்சு.

நெஞ்சால தள்ளினன். கால் மண்ணில இழுபட்டிச்சு. பக்கத்தால பாய்ஞ்சு கதவைப் பிடிச்சன். திறக்கல்ல. வீல் ஸ்பெனரால கண்ணாடிக்கு அடிச்சன். ஒண்டு... ரெண்டு... மூண்டு... ஒரு கீறல் விழல்ல.

அவன் உள்ளுக்க இருந்து கத்துறான். எனக்குக் கேக்கல்ல. விசில் மட்டும்தான் கேக்குது.

தண்ணி பொனட்டுக்கு வந்திச்சு.

கண்ணாடிக்கு வந்திச்சு.

அவன் என்னைப் பார்த்தான்.

ஐயோ கடவுளே... நான் பார்த்துக்கொண்டுதான் நிண்டன்.

12.06. கூரையும் மறைஞ்சுது.

தண்ணிக்குக் கீழயும் எஞ்சின் ஓடிச்சு.

12.09க்கு நிண்டுது.

தோணிக்காரர் ஓடி வந்து, 12.31க்கு அவனை வெளியில எடுத்தாங்க. சாவி கையிலேயே இருந்திச்சாம். கியர் நியூட்ரல். ஹேண்ட் பிறேக் இழுத்தபடி.

என்ன பழுது எண்டு பார்க்க, பொலிஸ் எஞ்சினை இறக்கி என்ட கராஜுக்கே அனுப்பினாங்க. டர்போவப் பிரிச்சன். உள்ளுக்க சில்லு துருப்பிடிச்சு ஒட்டியிருந்திச்சு. சுத்தியலால தட்டியும் அசையல்ல. காஞ்ச சேறு. அதுக்குள்ள வெள்ளை வெள்ளையாச் சின்னச் சிப்பி. ஒரு நாளில, ஒரு மாசத்தில வாற துரு இல்ல அது. நான் விரலால சுத்திப் பார்த்த சில்லு எது, நான் கேட்ட விசில் எது எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியா.

சுபாகரன்ட முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்தார். பேர் சிவபாதம் எண்டார். களுதாவளையாம். கெப்ப முதல் வச்சிருந்தவர். சாப்பிடல்ல. என்னைத் தனியாக் கூப்பிட்டார்.

"2017ல தம்பி. நான் பொனட்டடியில. என்ட மனிசி துசாந்தினி உள்ளுக்க. நான் ரேஸ் எண்டன், மிதிச்சா. வாகனம் இழுத்துக்கொண்டு வாவிக்குள்ள போயிட்டு. காலை எடு, காலை எடு எண்டு கத்தினன். இரைச்சலில அவக்குக் கேக்கல்ல, தண்ணிக்குள்ளயே போயிட்டா. ஆள் கட்டை, கால் எட்டாது. சீட்ட முன்னுக்கு இழுத்துப்போட்டுத்தான் இருப்பா."

அவர்ட சேட்டப் பிடிச்சன். "இத ஏன் சுபாகரனுக்குச் சொல்லல்ல?"

"சொன்னனே. பேர் மாத்த வந்த நேரமே சொன்னன். 'என்ட மச்சான் செக் பண்ணினவர், அவர் சொன்னா நான் கண்ண மூடிக்கொண்டு எடுப்பன்' எண்டான்."

நான் அந்த இடத்திலேயே குந்தி அழுதன். வெக்கமில்லாமச் சொல்றன், குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதன்.

கெப்பிட உடம்ப ஏறாவூரில ஒரு காணிக்குள்ள கட்டி இழுத்துப் போட்டிருந்தாங்க. காவலுக்கு இப்றாஹிம் காக்கா. போன கிழமை, நான் வசந்தி வீட்டில சாப்பிட்டுக்கொண்டிருக்க அவர் கோல் எடுத்தார்.

"பாஸ், உங்கட கெப்ப வந்து ஒருக்கா நிப்பாட்டுங்க. லுஹருக்கு, நடுப்பகல் தொழுகைக்குப் போற நேரம் பார்த்து நாளாந்தம் இரையுது. மனிசன் தொழ ஏலாம இருக்கு."

"காக்கா, அதுக்குள்ள எஞ்சினே இல்ல. இஞ்ச என்ட கராஜில கிடக்கு."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப... உள்ளுக்க இருக்கிற ஆளு?"

"எந்த ஆளு?"

"முழுக்க நனைஞ்சு போய் ஸ்டேரிங்கப் பிடிச்சிட்டு இருக்காரு. இறங்கச் சொன்னா இறங்குறாரில்ல. மச்சான் இன்னும் வரல்லியா எண்டுதான் கேக்கிறாரு."

வசந்தி சோத்துக் கோப்பையோட பக்கத்தில நிண்டாள்.

"போனில ஆரு அண்ணன்?"

பிழையான நம்பர் எண்டன்.