வாழையை வெட்டச் சொன்னது நான்தான்

கொட்டாஞ்சேனையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். வாங்குகிற ஆள் கூடினால் விலை ஏறும், விற்கிற சாமான் கூடினால் விலை விழும். இந்த இரண்டு கோடுகளையும் பலகையில் கீறிக் கீறியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. படித்த திமிர் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதுவும் என்னிடம் தாராளமாகவே இருந்தது.

நான் இருப்பது வெள்ளவத்தையில். எங்கள் தொடர்மாடியில் எல்லா வீட்டுக்கும் யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்கிற ஒரு சொந்தக்காரர் உண்டு. ஞாயிறு காலை சந்தைக்குப் போய்வந்து அவருக்கு போன் எடுப்போம். மழை, கோயில், கலியாணம், செத்தவீடு எல்லாம் கதைத்து முடிய, இங்கே மரக்கறி என்ன விலை என்று சொல்லுவோம். அதைச் சொல்லாமல் போனை வைத்தால் கதைத்தது மாதிரியே இராது. நான் சொல்லுவது அத்தானுக்கு, அக்காவின் புருஷனுக்கு.

அந்த வருடம் சின்ன வெங்காயம் நெருப்பு விலை. ஒரு பிடி வாங்கவே யோசிக்க வேண்டியிருந்தது. அத்தானிடம் சொன்னேன், இப்படியொரு விலை இனிக் கிடைக்காது, வாழையை வெட்டிவிட்டு வெங்காயம் வையுங்கோ என்று. அவருடைய இதரை வாழைத் தோட்டம் அவரே கன்று வைத்து வளர்த்தது. வீட்டுச் செலவு முழுக்க அந்தக் குலைகளில்தான் ஓடியது. அவர் ஒரு கிழமை யோசித்தார். அடுத்த ஞாயிறும் நான் விடவில்லை. இலாபம் எங்கே கூடவோ அங்கே நிலத்தைத் திருப்ப வேண்டும் என்று வகுப்பெடுத்தேன். "நீ படிச்சனி, நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். வாழையைக் கிழங்கோடு கிளப்பிவிட்டதாக அக்கா பிறகு சொன்னா. அவவின் குரல் நன்றாக இல்லை. நான் கவனித்தும் கவனியாத மாதிரி இருந்துவிட்டேன்.

வெங்காயத்தைக் கிண்டி எடுக்கிற காலம் வந்தது. ஒரு ஞாயிறு சந்தைக்குப் போனால், தெருவோரமெல்லாம் சின்ன வெங்காயம் குவிந்து கிடக்கிறது. விலையைக் கேட்டால், நான் அத்தானுக்குச் சொன்னதில் கால்வாசிகூட இல்லை. பக்கத்தில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தவ எங்கள் மூன்றாம் மாடிக்காரி. தன் தம்பியைத் தானே வெங்காயம் வைக்கச் சொன்னதாகவும், இப்போது அவன் போனே எடுக்கிறானில்லை என்றும் சொன்னா. அதைக் கேட்டுவிட்டு இன்னொருவ திரும்பினா. அவ சொன்னது தன் பெரியப்பாவின் மகனுக்காம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் வெள்ளவத்தை முழுக்க ஒரே விலையை யாழ்ப்பாணம் முழுக்கச் சொல்லியிருக்கிறது. இரகசியம் தனக்கு மட்டுந்தான் தெரியும் என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருக்கிறாள், நான் உட்பட. விலை விழுந்துவிட்டது என்பதற்காக ஒருவரும் இரண்டு மடங்கு வெங்காயம் தின்னப்போவதில்லை. இதையும் நான் வகுப்பில் படிப்பிக்கிறேன். சீ, என்ன படிப்பு!

அன்று நான் அத்தானுக்குப் போன் எடுக்கவில்லை. பின்னேரம் அவரே எனக்கு எடுத்தார். ஏசுவார் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கிண்டின வெங்காயத்தில் பாதியை ஏற்றவில்லையாம், லொறிக் கூலிக்கும் கட்டாதாம். பிறகு, அங்கே இதரைப்பழம் என்ன விலை என்று கேட்டார்.

சந்தையில் பார்த்திருந்தேன். வாழையை வெட்டியது அவர் ஒருவர் மட்டும் இல்லையே, பழம் ஆனைவிலை. பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன்.

 அப்ப திரும்ப வாழை வைக்கட்டோ என்றார் அத்தான். கன்று வைத்துக் குலை வெட்ட ஒரு வருடம் போகும். அதற்குள் எத்தனை ஞாயிறு, எத்தனை போன்.

"தெரியாது அத்தான்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"பிள்ளை, உனக்கே தெரியாட்டி நான் ஆரைக் கேக்கிறது?"