சித்தியை வேவு பார்த்த காலாண்டு லீவு

நனைந்த கம்பளிக்கு ஒரு வாசனை உண்டு. மழையில் நின்றுவிட்டு வீட்டுக்குள் வந்து உதறிக்கொள்ளும் நாயின் வாசனை. அதற்கடியில் கொஞ்சம் சோப்பு, கொஞ்சம் புகை. போன ஐப்பசியில் மின்சார ரயிலில் என்னை நெருக்கி உட்கார்ந்த ஒரு பெரியவரின் குல்லாயிலிருந்து அது எழுந்தது. இறங்க வேண்டிய நிலையத்தை விட்டுவிட்டேன். ரயில் போய்க்கொண்டே இருந்தது. நான் கொடைக்கானலில், ஒரு தகரக் கூரையின் கீழ், சித்தியின் கொடியில் சொட்டிக்கொண்டிருந்த ஆண்பிள்ளை ஸ்வெட்டரைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்தேகம் என்னுடையது அல்ல. வீட்டில் கொடுத்து அனுப்பியது.

எங்களுக்கு ஊர் கவுஞ்சி, கொடைக்கானலைத் தாண்டி ஒரு மலைக்கிராமம். உருளைக்கிழங்கும் பூண்டும் பீன்ஸும் படிப்படியாக இறங்கும் நிலம். அந்த வருஷம் உருளைக்கிழங்குச் செடி முழுக்கக் கருகிப்போனது. அடுத்த விதைக்கு முன்பணம் கிடையாது என்று ஒட்டன்சத்திரம் கமிஷன் கடைக்காரர் லாரி டிரைவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். கிடையாது என்றதைவிட, டிரைவரிடம் சொல்லி அனுப்பியதுதான் பெரியப்பாவைச் சுட்டது. இரண்டு நாள் பீடியாகக் குடித்துத் தள்ளிவிட்டு, மூன்றாம் நாள் அவருக்குச் சித்தியின் ஞாபகம் வந்தது.

சித்தி என் அம்மாவின் தங்கை. மலைக்குக் கீழே கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரே வருஷத்தில் தகரப்பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் “ஒத்துக்கல” என்று மட்டும் சொன்னாள். பிறகு கொடைக்கானல் போய், வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியின் ஹாஸ்டலில் துணி வெளுக்கும் வேலையில் சேர்ந்தாள். சம்பளம் உண்டு, பள்ளிக்குப் பின்னால் ஒற்றை அறை உண்டு, மதியச் சோறு உண்டு. அத்தனை வருஷமாக அவள் வீட்டுக்கு ஒரு பைசா அனுப்பியதில்லை. வீட்டிலிருந்து ஒரு பைசா கேட்டதுமில்லை. எங்கள் வீட்டில் இரண்டுமே குற்றம்தான்.

“சம்பளம் பூராம் எங்க போகுது? ஆளு இருக்கும்” என்றார் பெரியப்பா.

“வேதத்துல சேந்திருப்பா. சர்ச்சு உண்டியல்ல கொண்டுபோய்ப் போடுறா” என்றார் அப்பா.

“எதுவா இருந்தா என்ன. காசு கெடந்தா வந்து நம்ம காட்டுல போடட்டும். ஒத்தப் பொம்பளைக்குத் தனியா எதுக்குக் காசு?” என்றார் பெரியப்பா.

ஆக, திட்டம் இதுதான். லீவுக்கு என்று சொல்லி என்னை அனுப்புவது. என்ன தின்கிறாள், எங்கே போகிறாள், யார் வந்து போகிறார்கள் என்று நான் பார்த்துவந்து சொல்வது. கையில் பணம் இருப்பது தெரிந்தால், இரண்டு பேருமாகப் போய், வேலையை விடச் சொல்லி, ஆளையும் பணத்தையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவது. ஐந்தாம் வகுப்பில் எனக்கு அதுவரை யாரும் இத்தனை பெரிய பொறுப்பைக் கொடுத்ததில்லை. அம்மா என் தலையில் எண்ணெய் வைத்து, கண் மேலே இழுத்துக்கொள்ளும்படி இறுக்கிப் பின்னிவிட்டாள்.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் சித்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“லீவுக்கு வந்தியா, சோலியா வந்தியா?”

“லீவுக்கு” என்றேன், கொஞ்சம் வேகமாகவே. அவள் சிரிக்கவில்லை. என் மூட்டையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் அறையில் எல்லாமே சந்தேகத்துக்குரியதாக இருந்தது. வடிகட்டிய டீத்தூள் ஒரு காகிதத்தில் ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்தது, மறுபடியும் கொதிப்பதற்கு. விறகுக்குப் பதில் மூலையில் பைன் காய்கள் குவிந்து கிடந்தன. பள்ளிச் சமையலறையில் ரொட்டியின் ஓரங்களை வெட்டித் தள்ளிவிடுவார்களாம். அவற்றை வாங்கி வந்து, காயவைத்து, நொறுக்கி, வெங்காயம் தாளித்து உப்புமா கிண்டினாள். ருசியாக இருந்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாகப் பட்டது. மண்ணெண்ணெய் பாட்டிலைச் சுற்றி மேலிருந்து கீழாக வரிசையாகச் சிவப்பு நூல் கட்டியிருந்தாள். நாளைக்கு ஒரு நூல். அன்றைய நூல்வரைக்கும்தான் விளக்குக்கு ஊற்றுவாள். அது தீர்ந்தால் அன்றைய வெளிச்சம் தீர்ந்தது. என் வாயில் கவளம் இருந்தாலும் சரி.

“இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க சித்தி.”

“நாளைக்குள்ள வெளிச்சத்த இன்னைக்கே எரிச்சுட்டா, நாளைக்கு யாரு வீட்டு வாசல்ல போயி உக்காருறது?”

அப்புறம் அந்த ஸ்வெட்டர். முதல் நாள் நீலம். என் அப்பாவுக்கே தொளதொளவென்று இருக்கும். மறுநாள் நீலத்தைக் காணோம், வெள்ளைக்கோடு போட்ட பழுப்பு நிறம் தொங்கியது. பெரியப்பா சொன்னது சரிதான். ஆனால் ஓர் ஆள் இல்லை, இரண்டு ஆள். சித்தி வேலைக்குப் போன நேரத்தில் நாற்காலியில் ஏறிப் பழுப்பு ஸ்வெட்டரை முகர்ந்து பார்த்தேன். ஆண்பிள்ளை வாசனை என்றால் எனக்குத் தெரிந்தது பீடி. அது இல்லை. சோப்பும் ஈர நாயும்தான். அன்று சாயங்காலம் பார்த்தால் பழுப்பு ஸ்வெட்டருக்கு ஒரு கை இல்லை. கொடிக்குக் கீழே குனிந்து தேடிவிட்டு நின்றேன்.

“முழிச்சிக்கிட்டு நிக்காத. கைய நீட்டு” என்றாள் சித்தி.

நீட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்வெட்டரின் தோளில் ஒரு முடிச்சைத் தேடி, பல்லால் கடித்து, இழுத்தாள். கம்பளி சரசரவென்று வரிசை வரிசையாகக் கழன்று வந்து என் இரண்டு கைகளிலும் சுற்றிக்கொண்டது. ஓர் ஆள் என் கண்ணெதிரே நூலாகிக்கொண்டிருந்தார். பெரிய வகுப்புப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் கழித்துப் போட்டுவிட்டுப் போகிற ஸ்வெட்டர்களை வார்டனம்மாவிடம் கேட்டு வாங்கி, பிரித்து, சுருக்கம் போக வெந்நீரில் நனைத்து, கல் கட்டித் தொங்கவிட்டு, குல்லாயும் மஃப்ளருமாகப் பின்னி, ஏரிக்கரைக் கடை ஒன்றில் கொடுத்துவந்தாள். குளிரை நம்பாமல் மல்வேட்டியோடு மதுரையிலிருந்து ஏறிவரும் புதுமாப்பிள்ளைகள், வந்து இறங்கியதும் அவற்றை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள்.

“ஆடாத புள்ள, சிக்கு விழுந்துரும்” என்றாள். நான் ஆடவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. கவுஞ்சியில் அடுத்தவர் உடுத்திக் கழித்ததைத் தொடுகிறவர்கள் ஒன்றுமில்லாதவர்கள். சித்தி ஒன்றுமில்லாதவள் என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்தேன்.

சனிக்கிழமை அந்த முடிவு கொஞ்சம் ஆடியது. என்னைத் தபாலாபீஸ் படியில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கையில் உறையோ கார்டோ எதுவும் இல்லை. வெகுநேரம் கழித்து வந்தபோதும் வெறுங்கைதான்.

“யாருக்குச் சித்தி லெட்டர்?”

“எனக்குத்தேன்.”

தனக்குத் தானே லெட்டர் எழுதிக்கொள்கிற மனுஷியை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. தபாலாபீஸில் பணமும் வாங்கி வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலும் யாருக்கும் தெரியாது. அங்கே பணம் என்றால் மண்ணுக்குள் போகும் விதை. இல்லாவிட்டால் ஒட்டன்சத்திரத்தில் கிடக்கும் கடன். எங்கேயோ ஓரிடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்து சம்பளக்காரியின் பெயரில் வளர்கிற பணத்தை நாங்கள் யாரும் கண்டதில்லை.

ஊர் திரும்பியதும் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் முன்னால் நின்று ஒப்பித்தேன். டீத்தூள், ரொட்டி ஓரம், நூல் கட்டிய பாட்டில், வெள்ளைக்காரப் பிள்ளைகள் கழித்துப்போட்ட ஸ்வெட்டர். ஒவ்வொன்றுக்கும் பெரியப்பாவின் முகம் ஒரு படி இறங்கியது. தபாலாபீஸ் என்றதும் நிமிர்ந்தார்.

“வெறுங்கையோட போயி வெறுங்கையோட வந்தாளா?”

“ஆமா பெரியப்பா.”

அவர் அப்பாவைப் பார்த்தார். “மணியாடருடா. விட்டுட்டு வந்த புருசனுக்கு அனுப்புறா, கிறுக்கி. இவ ரொட்டித் தோலத் தின்னுக்கிட்டு அவனுக்குக் கொட்டிக் குடுக்கிறா.”

“வெளிய சொல்லிராதீங்கண்ணே” என்றார் அப்பா. “ரொட்டித் தோலு திங்கிறவகிட்டப் போயிக் கேட்டோம்னு தெரிஞ்சா ஊருல ஒருத்தர் மூஞ்சிலயும் முழிக்க முடியாது.”

அத்தோடு முடிந்தது. பெரியப்பா மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஒட்டன்சத்திரத்துக்கே போய், கமிஷன் கடை வாசலில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்து முன்பணம் வாங்கி வந்தார். அடுத்த வாரமே சித்திக்கு ஒரு சாக்கு பீன்ஸும் பூண்டும் போனது. பிறகு மாதாமாதம் போனது. பாவம், பட்டினி கிடக்கிறாள். அன்று நான் ஒப்பித்து முடித்தபோது அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. தங்கையை நினைத்து அழுகிறாள் என்று நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லாமல் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

சில வருஷம் கழித்துச் சித்தி வேலையை விட்டாள். கொடைக்கானலுக்குப் பக்கத்துக் கிராமம் பேத்துப்பாறையில் அவள் பெயரில் சரிவான ஒரு துண்டு நிலம், பேரிக்காய் மரங்கள், ஒரு சிறிய ஓட்டு வீடு. காலையில் எந்த மணியும் அடிக்காத வீடு. எழுந்து வந்து வெயில் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். வெயில் நகர்ந்தால் அவளும் நகர்வாள். எழுந்திரு என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. அந்தப் புருஷனுக்குப் புத்தி வந்து வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான் என்று பெரியப்பா கடைசிவரை நம்பினார். “மனுசன்னா அப்படி இருக்கணும்” என்று ஒருமுறை அவனைப் பாராட்டவும் செய்தார்.

ஆனால் நான் புறப்பட்ட அந்த நாளைச் சொல்லாமல் இதை எப்படி முடிப்பது? அன்று காலையில் பனி ஏரியின்மேல் படுத்திருந்தது. கரையில் ஒரு பழுப்புக் குதிரை நின்றது. எனக்கு வேண்டும் என்றேன்.

“வேணும்னு தோணுனா ஏரிய ஒரு சுத்து சுத்தி வரணும். அப்பயும் வேணும்னா வேணுந்தேன். எனக்கும் அதேதான் சட்டம்” என்றாள்.

சுற்றினோம். பனி விலகி, மரங்கள் தண்ணீருக்குள் தலைகீழாக வந்து நின்றன. வளைவுக்கு வளைவு ஏரி முடிந்துவிட்டதாக நினைப்பேன், அங்கே இன்னொரு வளைவு கிடக்கும். கிளம்பிய இடத்துக்கு வந்து சேர்ந்தபோது நான் நொண்டிக்கொண்டிருந்தேன்.

“சொல்லு, இன்னும் வேணுமா?”

“இப்பத்தேன் சித்தி ரொம்ப வேணும். காலு வலிக்கி.”

சித்தி நின்றுவிட்டாள். அந்த ஒரு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். குதிரைக்காரர் திரும்பிப் பார்க்கும் சிரிப்பு. “இவளுக்குப் போயி நான் சட்டம் சொல்லிக்குடுத்தேனே” என்று சொல்லிக்கொண்டே அவரிடம் போய், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்று பேரம் பேசி, என்னைத் தூக்கி மேலே உட்காரவைத்தாள். பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

இல்லாதவர்களின் கை பணத்தை எடுக்கப் போகும்போது பாதி வழியில் ஒருமுறை நிற்கும். எங்கள் வீட்டுக் கைகள் எல்லாம் நிற்கும். சித்தியின் கை நிற்கவில்லை. குதிரைமேல் இருந்ததால் எனக்கு நன்றாகவே தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவளும் பார்த்தாள். குதிரைக்குப் பக்கத்தில், என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏற்றம் முழுக்க நடந்து வந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். சித்தி கீழே நின்றபடி எம்பி, என் காதை மூடி மஃப்ளரைச் சுற்றிவிட்டாள். அவள் அப்போது சொன்னதை என்மேல் இருந்த பிரியம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வீட்டில் எனக்குத் திட்டு விழக் கூடாது என்று எவ்வளவு அக்கறை என்று, பூம்பாறை வளைவு வரைக்கும் நன்றியோடு நினைத்துக்கொண்டே போனேன்.

“ரொட்டி, ஸ்வெட்டரு, தபாலாபீசு, எல்லாத்தையும் சொல்லு தாயி, கேக்கலைன்னாலும் சொல்லு. குதிரைய மட்டும் விட்ரு. ஒங்கப்பா வைவாரு.”