தம்பி தளர்த்திய கிளட்ச்

வரப்புத் தகராறில் என் தம்பியும் நானும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. செலியமேட்டில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு.

அன்று என் மகளுக்குப் பொதுத்தேர்வு. பாகூர் போகும் வழியில் பைக் நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் அலறியதே தவிர, வண்டி நகரவில்லை. மகள் அழத் தொடங்கிவிட்டாள்.

பின்னால் வந்த தம்பி தன் வண்டியை நிறுத்தினான். என்னைப் பார்க்காமல் அவளிடம் கேட்டான்: "இன்னா பாப்பா ஆச்சு?"

"இன்ஜின் கத்துது, வண்டி போவல சித்தப்பா."

கிளட்ச் லீவரை ஆட்டிப் பார்த்தான். "கொஞ்சங்கூட ஆட்டம் இல்ல. கேபிள யாரு இவ்ளோ டைட்டு வச்சது? உங்கப்பாவா?"

"ஆமான்னு சொல்லும்மா," என்றேன். முந்தின நாள் லூசாக இருப்பதாக நினைத்து முறுக்கியது நான்தான். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"கைய எடுத்தாலும் கிளட்ச் பாதி புடிச்ச மாதிரியே கீது. அதான் ஸ்லிப் ஆவுது," என்றபடி லீவர் அருகிலிருந்த திருகைத் தளர்த்தினான். "இப்ப ஓட்டச் சொல்லு."

கியர் போட்டு கிளட்சை விட்டேன். வண்டி சட்டென்று பாய்ந்தது.

"பாத்துண்ணே!" என்று கத்தியபடி ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்தான். நான் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினேன்.

"நேரமாவுது, கெளம்பு," என்றான், இந்த முறை என்னிடமே.

மணியடிக்கும் முன்பே சேர்ந்துவிட்டோம். பள்ளி வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அவனே வந்து பேசட்டும் என்று இத்தனை நாள் காத்திருந்த நான், ஒருநாளும் அவனைக் கூப்பிட்டுப் பார்த்ததில்லை.

போன் செய்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"பாப்பா உள்ள போயிடுச்சாண்ணே?"