விளக்கு வைக்கும் நேரத்து ஒப்பாரி

ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் ஒப்பாரி கேட்டது. சின்னமனூரில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. வீட்டில் யாரும் சாகவில்லை. யாருக்காக அந்த ஒப்பாரியோ, அவர் திராட்சைத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் அக்கா எங்களோடுதான் இருந்தாள். தாயில்லாத அப்பாவை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அத்தைக்கு மறதி நோய் வந்தது. முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு தெருவை மறந்தாள், கடைசியில் அப்பாவையே மறந்துவிட்டாள். அவர் தினமும் தோட்டத்திலிருந்து வந்ததும் அவள் முன்னால் உட்கார்ந்து, "அக்கா, நான் யாருன்னு சொல்லு" என்று கேட்பார். அத்தை மரியாதையாக எழுந்து நின்று, "வந்தவுகளுக்குத் தண்ணி குடு ஆத்தா" என்று அம்மாவிடம் சொல்வாள். சொந்த வீட்டில் விருந்தாளியாகிவிட்ட அப்பா அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போவார். அவள் வாயால் ஒரே ஒரு தடவை தன் பெயரைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

நான் அப்போது நாலாம் வகுப்பு. மறதி வந்தவர்களுக்குப் பிடித்த பாட்டைப் போட்டால் நினைவு திரும்பும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் விடுவேனா? அம்மாவின் செல்போனில் சினிமாப் பாட்டு, சாமிப் பாட்டு, தாலாட்டு என்று எல்லாவற்றையும் போட்டேன். அத்தை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னதான் பிடிக்கும் என்று அப்பாவை நச்சரித்தேன்.

"உங்க அத்தை எங்க பாட்டுக் கேட்டாக? எழவு வீட்டுல பாடுனதுதான்" என்றார். ஊரில் யார் செத்தாலும் முதல் குரல் எடுக்க அத்தையைத்தான் கூப்பிடுவார்களாம். எனக்கு அது போதாதா? மறுநாளே செல்போனில் ஓர் ஒப்பாரியைத் தேடிப் பிடித்து, சத்தத்தை முழுசாக வைத்தேன்.

அம்மா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். அத்தை சடாரென்று கொண்டையை அவிழ்த்துவிட்டாள். மாசக்கணக்கில் முணுமுணுப்பாகவே இருந்த தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யார் கண்டது? ஒப்பாரியில் செத்தவரைப் பெயர் சொல்லி அழைக்கும் இடம் வரும். அந்த இடத்தில் அத்தை அப்பாவின் பெயரைச் சொன்னாள். மாரில் அறைந்துகொண்டு மறுபடியும் சொன்னாள்.

"அய்யய்யோ, உசுரோட நிக்கிற மனுசனுக்கா! நிப்பாட்டுடி அத!" அம்மா தாலியை இறுகப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

நான் நிறுத்தினேன். அத்தையின் குரலும் நின்றது. அப்பா ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்தார். அடி நிச்சயம் என்று நினைத்தேன். அத்தை தலைமுடியை அள்ளி முடிந்தபடி அவரைப் பார்த்து எழுந்து, "வந்தவுகளுக்குத் தண்ணி குடு ஆத்தா" என்றாள்.

அப்பா அவள் காலடியில் உட்கார்ந்தார். "இன்னொருக்கா போடு" என்றார் என்னிடம். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் மறுபடி போட்டேன். அத்தை கொண்டையை அவிழ்த்தாள், பாடினாள். பெயர் சொல்லி அழைக்கும் இடம் வந்தது.

"என்னக்கா?" என்றார் அப்பா.

தன் சாவுக்கு அழுகிற பாட்டுக்கு ஒரு மனிதர் எதற்காக இவ்வளவு ஆசையாகப் பதில் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.