ஐந்து பேரில் ஒருத்தி

எங்கள் அக்கா கர்த்தரிடம் போய் ஒரு வருடம் ஆகிறது. இன்றைய ஜெபக் கூட்டத்துக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்டு போகிற உறவினர்களுக்கும் சபையாருக்கும் என் ஸ்தோத்திரம். மலர் என்றால் போனவருடைய நல்ல குணங்களை எழுத வேண்டும். எழுதுகிறவருடைய கெட்ட குணத்தை எழுதுகிற வழக்கம் இல்லை. நான் இரண்டையும் எழுதப் போகிறேன். அக்காவை ஒருவர் காட்டிக்கொடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அது யார் என்றும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் நினைப்பது தவறு.

அக்கா பிறந்தது போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா சிக்னல் பிரிவில் இருந்தார். என்னைப் பெற்ற சில வருடங்களில் அம்மா போய்விட்டார். அக்கா கல்லூரிப் படிப்பை முடித்த வருடம் அப்பாவும் மாரடைப்பில் போனார். வாரிசு வேலையாக அக்காவுக்கு டிக்கெட் கவுன்டரில் இடம் கிடைத்தது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. என் பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கு வந்து பெற்றோர் கையெழுத்துப் போட்டவர் அக்காதான். எனக்குக் கல்யாணம் செய்துவைத்த பிறகுதான் தன் கல்யாணத்தைப் பற்றி யோசித்தார். மாமா தங்கமான மனிதர். எட்டே வருடம் வாழ்ந்தார். பிள்ளைகள் இல்லை.

அக்காவைச் சாந்தசொரூபி என்று எழுதச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். அக்காவுக்கு மூக்கு நுனியில் கோபம் இருக்கும். பொள்ளாச்சி டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறவர்களிடம் அவர் பேசிய பேச்சை அடுத்த கவுன்டரில் இருந்த ஸ்டெல்லாக்கா நடித்துக் காட்டினால் வயிறு வலிக்கச் சிரிப்போம். அக்காவும் ஸ்டெல்லாக்காவும் முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்துக் கவுன்டரில் உட்கார்ந்தவர்கள். மதியம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். ஓய்வு பெற்றதும் ஒரே மாதத்தில்.

ஓய்வுக்குப் பிறகு அக்கா நம் சபையில் பெண்களின் வேத வகுப்பை எடுத்துக்கொண்டார். ரூத், எஸ்தர், மரியாள் யாரையும் தொடமாட்டார். "அவுங்களுக்கெல்லாம் பேச ஆளு இருக்குதுங்க. ரெண்டு வசனத்துல வந்துட்டுப் போனவங்களுக்கு யாரு இருக்காங்க?" என்பார். வாரம் ஒருத்தியாக எங்களுக்கு அறிமுகம் செய்தார். தூக்கிலிடப்பட்ட பிள்ளைகளின் உடல்கள் பக்கத்தில் பாறைமேல் இரட்டுத் துணி விரித்து, அறுப்புக் காலம் தொடங்கி மழை வரும்வரை பறவையையும் மிருகத்தையும் அண்டவிடாமல் உட்கார்ந்திருந்த ரிஸ்பாளைப் பற்றிச் சொன்ன அன்று வகுப்பில் யாரும் எழுந்து போகவில்லை. ராஜாவே கடைசியில் இறங்கிவந்து அந்த எலும்புகளை அடக்கம் செய்யவேண்டியதாயிற்று என்று சொல்லிவிட்டு, "அவ ஒரு வார்த்தை பேசலீங்க. உக்காந்தா, அவ்வளவுதான்" என்றார்.

யோசேபாளைப் பற்றி வகுப்பில் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். அரண்மனையில் ராஜ குடும்பத்தை வெட்டிக்கொண்டிருக்கும்போது, கைக்குழந்தையான அண்ணன் மகனைத் திருடிக்கொண்டு போய், ஆலயத்துக்குள் ஆறு வருடம் ஒளித்துவைத்து வளர்த்த அத்தை அவள். நான் நன்றாகச் சொன்னேன் என்று எல்லாரும் பாராட்டினார்கள். அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: இவள் செய்ததில் பெரிய காரியம் எது? பிள்ளையைத் திருடியதுதான் என்றோம். "இல்லீங்க. ஆறு வருசம் ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்காம இருந்தாளே, அதுதான்" என்றார்.

மூன்று வருடங்களுக்கு முன், ஆலயத்தில் மணி அடித்து, பெஞ்சு துடைத்து, கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்த தாஸ் அண்ணன் இறந்தார். ஆலயத்துக்குப் பின்னால் இருந்த ஓர் அறையில் அவரும் அவர் மனைவி ரூபியும் இருபது வருடத்துக்கு மேல் குடியிருந்தார்கள். அந்த இடத்தில் ஞாயிறு பள்ளிக்குக் கட்டடம் கட்ட வேண்டும், ரூபி ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று சபைக் கமிட்டியில் பேச்சு எழுந்தது. ரூபிக்குப் போக இடம் இல்லை. இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடும்போது தீர்மானம் போடுவதாக இருந்தது.

அக்கா சபை விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்தார். ரயில்வேயில் இருந்தவர் அல்லவா, விதி என்றால் விடமாட்டார். கமிட்டி கூடியிருக்கும்போது ஐந்து உறுப்பினர்கள் நேரில் வந்து நின்று மனுக் கொடுத்தால், அதை விசாரித்து முடிக்காமல் அந்த விஷயத்தில் தீர்மானம் போடக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. யாரும் பயன்படுத்தாத விதி. அக்காவின் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! செலோப்பியாத்தின் ஐந்து மகள்கள் ஆண் வாரிசு இல்லாத தங்கள் அப்பாவின் பங்கைக் கேட்டு மோசேக்கும் சபை முழுவதற்கும் முன்னால் வந்து நின்றார்களே, அவர்களைப் பற்றித்தான் அதற்கு முந்தின வாரம் பாடம் எடுத்திருந்தார்.

"அஞ்சு பேரு வேணும். நானு, ஸ்டெல்லா, நீயி, நம்ம வகுப்புல லில்லி, கமலா. கணக்கு சரியா வந்துபோச்சு பாரு" என்றார். பிறகு எங்களை உட்காரவைத்து ஒன்று சொன்னார்: "ஞாயித்துக்கெழம வரைக்கும் இது இந்த ஊட்டத் தாண்டப்படாது. தெரிஞ்சா அவுங்க கூட்டத்தையே மாத்திப்போடுவாங்க." ஸ்டெல்லாக்காவின் அண்ணன்தான் கமிட்டிச் செயலாளர். ஸ்டெல்லாக்கா சிரித்துக்கொண்டே, "எங்கண்ணங்கிட்ட நான் பேசியே ஒரு வாரம் ஆச்சுங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

என் வீட்டுக்காரரும் கமிட்டியில் ஓர் உறுப்பினர். வெள்ளிக்கிழமை மதியம் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் திடீரென்று எதிரில் வந்து நின்றால் அவருக்கு எப்படி இருக்கும் என்ற நினைப்பு இரண்டு நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்தது. கட்டினவரிடம் மறைப்பது பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்குப் பயம்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம நானும் அக்காவோட கமிட்டிக்கு வந்து நிப்பேனுங்க. கோவிச்சுக்கப்படாது" என்றேன்.

"எதுக்கு?"

சொன்னேன். விதியைச் சொன்னேன், ஐந்து பேரையும் சொன்னேன். "யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்றேன்.

"நான் எதுக்கும்மா சொல்றேன்?" என்றவர் ரசம் கேட்டார்.

ஞாயிறு காலை ஆலய வாசல் பலகையில் தீர்மானம் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை காலையிலேயே அவசரக் கூட்டம் போட்டு முடித்துவிட்டார்கள். அக்கா கையில் மனுவை வைத்துக்கொண்டு அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். பக்கத்தில் ரூபி. பின்னால் நாங்கள் நான்கு பேர். அக்கா திரும்பி ஸ்டெல்லாக்காவைப் பார்த்தார்.

"உங்கண்ணங்கிட்ட சொல்லிப்போட்டயா ஸ்டெல்லா?"

"நான் சொல்லலீங்க்கா. சத்தியமாச் சொல்லலீங்க."

"அப்பறம் எப்படித் தெரிஞ்சுது?"

ஸ்டெல்லாக்கா அழுதுவிட்டார். அழுததையே குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டோம். நான் வாயைத் திறந்தேன். "விடுங்க்கா, நடந்தது நடந்துபோச்சு. அவங்களும் வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க" என்றேன். சும்மா இருந்திருந்தாலாவது பாதிப் பாவம். அந்த ஒரு வார்த்தையில் ஸ்டெல்லாக்காதான் சொன்னார் என்று நான் முடித்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "செயலாளர் கேட்டாரு, சொன்னேன். சபை நல்லதுக்குத்தான்" என்றார். என் நம்பிக்கையை அவர் ஒரு நாளில் விற்றுவிட்டார் என்று அன்று முழுக்க அழுதேன். அக்காவின் நம்பிக்கையை நான் அதற்கு முன்பே விற்றிருந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அக்கா அன்று மதியமே ஒரு டெம்போ பிடித்து, ரூபியின் கட்டிலையும் பாத்திரங்களையும் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கமிட்டிக்காரர்களிடம் அடுத்த வாரமே சாதாரணமாகப் பேசினார். ஸ்டெல்லாக்காவிடம் மட்டும் பேசவில்லை. "அவுங்க எதுத்த பக்கம், அவுங்க வேலைய அவுங்க செஞ்சாங்க. இவ நம்மாளு" என்றார். ஸ்டெல்லாக்கா வகுப்புக்கு வருவது நின்றது. பிறகு நம் ஆலயத்துக்கே வருவது நின்றது. நீங்களும் அவரைப் பார்த்தால் ஒரு மாதிரிதான் பேசினீர்கள். எனக்குத் தெரியும், நானும் கூட இருந்தேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒருநாள் ஸ்டெல்லாக்கா வந்தார். அக்காவுக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சாதத்தை அந்தப் பழைய டப்பாவில் சூடாகக் கொண்டுவந்திருந்தார். குரல் கேட்டதும் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வெளியே போய், "அக்கா தூங்கறாங்க" என்றேன்.

"தூங்கலீங்கறது தெரியுது அம்மிணி. வச்சுட்டுப் போறேன்" என்றார்.

கடைசி வாரத்தில் அக்காவுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு சாயங்காலம் ரூபி தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டெல்லா ஏங்கண்ணு அப்படிப் பண்ணிப்போட்டா?" என்று கேட்டார். கோபமே இல்லை. தெரிந்துகொண்டால் போதும் என்பது போலக் கேட்டார். எனக்கு இதைவிட நல்ல நேரத்தைக் கடவுள் கொடுத்திருக்க முடியாது.

"தெரியலீங்க்கா" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் அக்கா அமைதியாகப் போய்விட்டார்.

இந்தப் பக்கங்களை அச்சுக்குக் கொடுக்குமுன் என் வீட்டுக்காரர் படித்தார். குடும்ப மானம் போகும், எடுத்துவிடு என்றார். எடுக்கவில்லை. நான் எழுதியதைப் போன வாரம் ஸ்டெல்லாக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுந்தராபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். கண்ணாடி போட்டு நிறுத்தி நிறுத்திப் படித்தார். என்னை மன்னிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். "ஊருக்குத் தெரிஞ்சு எனக்கு என்னம்மிணி ஆகப்போகுது? அவுங்களுக்குத் தெரிஞ்சிருந்தாப் போதுமே. அத்தன நாளு பக்கத்துலயே இருந்தயே" என்றார். காப்பி வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லுமுன் உள்ளே போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சை செய்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், நாள் தவறாமல் வந்து ஜெபித்த ஆயருக்கும், ரத்தம் கொடுத்த வாலிபர் சங்கப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவைக் கடைசிவரை குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கிப் பார்த்துக்கொண்ட ரூபிக்கு நன்றி. அக்காவின் வீடு அக்காவின் விருப்பப்படி ரூபி இருக்கும்வரை ரூபிக்கே.

ஸ்டெல்லாக்காவுக்கு நன்றி என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன். அக்காவுக்கு இது தெரியாது.