தினம் ஒரு கலர்த் தாள்

குமாசி நகரத்தில் செத்தவர்கள் எல்லாரும் கடைசியாக ஒரு தடவை பானினின் கடைக்கு வந்துவிட்டுத்தான் போவார்கள் என்று அந்தத் தெருவில் கேலி பேசுவார்கள். பிணவறைக்குப் போகிற சாலையில் முதல் கடை அது. இரங்கல் போஸ்டர் அடிப்பாள். ஊரில் யாருடைய பிரிண்டர் படுத்தாலும் அதையும் எழுப்பிவிடுவாள். எண்பதைத் தாண்டிப் போனவர்களுக்கு ‘நிறைவாழ்வுக் கொண்டாட்டம்’, அறுபதுக்கு மேல் என்றால் ‘மகிமைக்கு அழைப்பு’, அதற்குள்ளேயே போய்விட்டால் சிவப்பு எழுத்தில் ‘என்ன அதிர்ச்சி!’. மூன்று தலைப்பும் கம்ப்யூட்டரில் எப்போதும் தயாராக இருக்கும், முகத்தை மாற்ற வேண்டியதுதான்.

கடையில் அவளோடு இருந்தவள் காக்ரா, கூடப்பிறந்த இரட்டை. பானின் சில நிமிஷம் மூத்தவள். அந்தச் சில நிமிஷத்தை வைத்துக்கொண்டு நாற்பத்தோரு வருஷமும் தங்கையை அதட்டிக்கொண்டே இருந்தாள். ஒரே முகம், ஒரே உயரம், தாய்மாமனுக்கே குழப்பம் வரும். சின்னவளுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து, அவ்வளவுதான் வித்தியாசம். அவள்தான் வாயை மூடாதவள் ஆயிற்றே, அது ஊருக்கே தெரியும்.

காலையில் கடை திறந்ததும் காக்ராவின் முதல் வேலை ஒரு கலர்த் தாள் அடிப்பது. மை பிரிண்டர் ஓடினால் கெடாது, சும்மா கிடந்தால்தான் கெடும். அதன் தலையில் மயிரிழையைவிடச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நாலு மையும் அது வழியாகத்தான் பொட்டுப் பொட்டாகத் தாளில் விழும். மை ஓட்டையிலேயே காய்ந்துவிட்டால் போச்சு. அதிலும் ஹர்மட்டான் என்கிற வறண்ட புழுதிக் காற்று அடிக்கிற மாதத்தில், உதடே வெடிக்கிறபோது, மை எந்த மூலைக்கு? அதனால் நாலு நிறமும் வருகிற மாதிரி ஏதாவது ஒன்றைத் தினமும் அடித்தாக வேண்டும். மெஷினிலேயே கோடு கோடாக ஒரு சோதனைப் படம் உண்டு. காக்ராவுக்கு அது ஆகாது. தனக்கென்று ஒரு படம் வைத்திருந்தாள்.

“மை என்ன ஆத்துலயா வருது? முழுப் பக்கம் அடிக்கிறியேடி!” என்று பானின் கத்துவாள்.

“அழகா இருக்கறவளுக்குக் கொஞ்சம் மை கூடத்தான் ஆகும்க்கா,” என்பாள் இவள். அந்தத் தாளையே மடித்து மை துடைக்க வைத்துக்கொள்வாள்.

ஒருநாள் சந்தையில் தக்காளிக்காரியோடு மல்லுக்கு நின்ற காக்ரா, பேச்சு முடியும் முன்னே சாய்ந்து செத்துப்போனாள். ரத்தக்கொதிப்பு என்றார்கள். செய்தி வந்தபோது பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பானின் சுவர் சுவிட்சைத் தட்டி அணைத்தாள், கதவைப் பூட்டினாள், போனாள்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது. வாசலில் பந்தல், வாடகை நாற்காலி, கறுப்பும் சிவப்புமாகத் துணி கட்டிய கூட்டம். பெண்கள் தலையில் கைவைத்துக் கதறினார்கள். பானினுக்கு ஒன்றுமே வரவில்லை. பசித்தது, சாப்பிட்டாள். தூக்கம் வந்தது, தூங்கினாள். “கூடப்பொறந்தவ போயிருக்கா, கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு,” என்று பெரியம்மாமார் காதுபடவே பேசினார்கள். கல் என்பது சரியான வார்த்தைதான் என்று அவளுக்கும் பட்டது.

முதல் வாரத்துத் துக்கக் கூட்டம் முடிந்து, அடக்கத்துக்கு நாள் குறித்த மறுநாள் அம்போமா மாமா கடைக்கு வந்தார். குடும்பத்துக்குப் பெரியவர் அவர்தான், போஸ்டர் ஒட்டுவதும் அவர் பொறுப்பு.

“படம் எங்கம்மா?”

“இல்ல மாமா. அவ போனு சந்தையிலயே தொலஞ்சு போச்சு. ஊர்ல எல்லாரையும் அவதான் எடுப்பா. அவள யாரு எடுத்தா?”

மாமா அவளை மேலும் கீழும் பார்த்தார். “அதான் நீ இருக்கியே! கென்டே துணியப் போத்திக்கிட்டு உக்காரு. வாய மட்டும் தொறக்காத. எவன் கண்டுபிடிக்கப் போறான்?”

வேறு யாராவது என்றால் மாமாவைக் கடைக்கு வெளியே தள்ளியிருப்பார்கள். பானின் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தாள். மாமா போனில் எடுத்தார். அதை அவளே கம்ப்யூட்டரில் ஏற்றி, ‘என்ன அதிர்ச்சி!’க்குக் கீழே வைத்து, தங்கை பெயரை அடித்து, பிரிண்டரை ஓடவிட்டாள். தன் சாவு போஸ்டரைத் தானே அடிக்கிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

முகம் பச்சையாக வந்தது. நல்ல கொய்யாக்காய்ப் பச்சை.

“ஐயய்யோ, என்னம்மா இது! பாக்கறவன் பேய்னு ஓடிருவான்!” என்று மாமா பதறினார்.

“செவப்பு வரல மாமா. செவப்பு இல்லேன்னா நம்ம தோலு பச்சையாத்தான் தெரியும்.”

மூடியைத் திறந்து மைத் தலையைக் கையால் நகர்த்திப் பார்த்தாள், அப்போதுதான் விஷயம் புரிந்தது. பட்டனில் அணைத்தால்தான் தலை மூலைக்குப் போய் ரப்பர் மூடிமேல் உட்காரும். சுவரில் அணைத்தால் நடுவழியில் நின்றுவிடும், மை திறந்தபடி காயும். வருகிற போகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி அவள் தொண்டை வறண்டிருக்கிறது. இப்போது அவளே சுவரில் அணைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு வாரம் முழுக்க, இந்தப் புழுதிக் காற்றில்.

அவசரக்காரர்கள் பத்துத் தடவை ‘தலை சுத்தம்’ பட்டனை அழுத்துவார்கள். மை எல்லாம் உள்ளே கழிவுப் பஞ்சுக்குப் போய்ச் சேரும், அடைப்பு அப்படியே இருக்கும். பானின் அதைச் செய்யவில்லை. வெள்ளைத் துணியைச் சின்னதாக மடித்தாள், காய்ச்சி வடித்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துத் தலைக்கு அடியில் வைத்தாள். காய்ந்தது இளகுகிற வரைக்கும் பேசாமல் இருக்க வேண்டும், வேறு வழியில்லை.

பக்கத்தில் பயறு கலந்த வாச்சே சோறு விற்கிற ஹவா ஒரு பொட்டலத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். “அடியே, இன்னுமா அழல நீ? அழுதுடு. உள்ளயே வெச்சிருந்தா நோவு வரும்.”

“வந்தா அழ மாட்டேனா ஹவாக்கா? வரல.”

“சரி, சோறாவது தின்னு.”

தின்றாள். துணியை எடுத்துப் பார்த்தபோது அதில் சிவப்பு ஊறி இறங்கியிருந்தது. ஒரே ஒரு தடவை சுத்தம் ஓடவிட்டாள். இனி சோதனைத் தாள் அடிக்க வேண்டும். அவள் கை தானாகக் காக்ராவின் ‘காலை’ என்ற படத்தைத் திறந்து அடிக்கச் சொல்லிவிட்டது. தினமும் பார்த்ததுதான். பார்த்துப் பார்த்து அது மை சோதிக்கிற தாளாகவே ஆகிவிட்டது அவளுக்கு.

தலை இங்கும் அங்கும் ஓடியது. கீற்றுக் கீற்றாக முதலில் நீல வானம் வந்தது. பிறகு சிவப்புத் தலைத்துணி, நல்ல ரத்தச் சிவப்பு. அப்புறம் நெற்றி, மஞ்சள் தோடு, கறுத்த கன்னம். கடைசியாகத் திறந்த வாய், ஆரஞ்சுச் சுளை, நடுவே சந்து விழுந்த இரண்டு பல்.

“இது எங்கேயிருந்து வந்துச்சு?” மாமாவுக்குக் குரல் இறங்கிவிட்டது.

“அவளே அவள எடுத்துக்கிட்டது. இங்கதான் இருந்துச்சு மாமா. தெனமும்.”

மாமா தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். “எல்லாஞ் சரி. துக்க போஸ்டர்ல இப்பிடிப் பல்லக் காட்டிக்கிட்டா? சனம் என்ன சொல்லும்?”

“அவ எப்பவாச்சும் மூடியிருந்தாளா? உம்முனு ஒரு மூஞ்சி வேணும்னா என்னோடதப் போடுங்க. ஆனா கீழ என் பேர எழுதுங்க.”

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அடி, இதையே அடி,” என்றார். சாயங்காலத்துக்குள் சாலை முழுக்க, மரத்திலும் சுவரிலும், ‘என்ன அதிர்ச்சி!’க்குக் கீழே காக்ரா ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பானின் கடை திறந்தாள். தூசி தட்டினாள், பட்டனை அழுத்தினாள். போஸ்டர் வேலை எதுவும் இல்லை. ஆனாலும் தலை காயக்கூடாதே. ‘காலை’யைத் திறந்து ஒரு தாள் அடித்தாள். வானம், சிவப்புத் துணி, தோடு, பல் எல்லாம் ஒழுங்காக வந்தது. தாள் தட்டில் விழுந்ததும் அவள் வாய் பழக்கதோஷத்தில் கத்தியது: “மை என்ன ஆத்துலயா வருது? முழுப் பக்கம் அடிக்கிறியேடி!”

கத்திவிட்டுப் பதிலுக்காக நின்றாள். வழக்கமாக உடனே வந்துவிடும்.

அப்போதுதான் உறைத்தது. தாளை மடித்து மை துடைக்க எடுத்தவள், அது முடியாமல் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பக்கத்துக் கடை ஹவா சோற்றுக் கரண்டியோடு ஓடி வருகிற அளவுக்கு, “காக்ரா!” என்று அலறினாள்.