ஈரக்கை வளர்த்த அம்பர் நத்தைகள்

நிழலிலும் ஈரத்திலும் மட்டுமே வளரும் பெரணிச் செடி விற்கும் அந்த நர்சரியில் அவளை எல்லோரும் ஈரக்கை என்றுதான் கூப்பிட்டார்கள். எப்போது பார்த்தாலும் கை தண்ணீரிலோ மண்ணிலோ இருக்கும். அவள் தொட்டால் பஸ் டிக்கெட்கூட நைந்துபோகும் என்று வேன் டிரைவர் கிண்டல் செய்வார்.

அப்பா விட்டுப்போன, செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தை அண்ணன் நடத்துகிறான் என்பது வெளிப் பேச்சு. நடத்தியது அவள். அண்ணன் சட்டை கசங்காமல் முன்னால் நின்று வியாபாரம் பேசுவான். அவள் உள்ளே குனிந்து நத்தை பொறுக்குவாள். அம்பர் நத்தை. விரல் நகத்தளவுதான் இருக்கும். தேன் நிறத்தில் மெல்லிய ஓடு. உள்ளே உடம்பு அசைவது வெளியே தெரியும். அந்த ஓடு அதற்குப் போதவே போதாது. தம்பி சட்டையை மாட்டிக்கொண்டவன்போல எப்போதும் உடம்பு வெளியே பிதுங்கிக்கொண்டிருக்கும். இலையை அதிகம் தின்னாது, பாசியும் அழுகலும்தான் அதற்குச் சாப்பாடு. ஆனாலும் தொட்டியெல்லாம் கொழகொழவென்று ஊர்ந்தால் எவன் காசு கொடுத்து வாங்குவான்? அதனால் காலையில் எழுந்ததும் அவளுக்கு அதே வேலை. அவளுடைய கல்யாணத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஒருநாள் பெரிய ஓட்டலின் மேனேஜர் செடி பார்க்க வந்தார்.

"இவ்வளவு செழிப்பா இருக்கே, யார் பார்த்துக்கிறாங்க?"

"நான்தான் சார்."

"அந்தம்மா யாரு?"

அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கூலிக்கு வர்றது" என்றான்.

வர்றவங்க என்றுகூட இல்லை. வர்றது.

மேனேஜர் போனதும் அவள் கேட்டேவிட்டாள். "ஏண்ணா அப்படிச் சொன்னே?"

"இடம் என் பேர்ல இருக்கு. பிடிச்சா இரு, பிடிக்கலைன்னா கிளம்பு."

அண்ணி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. மறுநாள் கண்ணாடிக் கூடத்தில் புதுப் பூட்டு தொங்கியது. ஈரக்கை துணிமணியை ஒரு பையில் திணித்துக்கொண்டு வெளியேறினாள்.

தொட்டிகளின்மேல் பரப்புகிற பாசியைத் தட்டுகளில் வளர்த்து விற்கும் கொட்டகை ஒன்றில் வேலை கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில் பழைய வேன் டிரைவரே அங்கே வந்து நின்றார்.

"உங்க அண்ணனுக்குத்தாம்மா. ஓட்டல் ஆர்டர் பிடிச்சுட்டார். வாரா வாரம் பாசித் தட்டு வேணுமாம்."

எரிச்சலோடு அவள் கொட்டகைக்குப் பின்னால் சாக்கடைச் சுவரோரம் போய் நின்றாள். சுவரெங்கும் அம்பர் நத்தைகள். ஓர் உடைந்த தொட்டியில் அவற்றைப் போட்டு, அழுகிய கோஸ் இலை கொடுத்து, பெற்ற பிள்ளைபோல வளர்த்தாள். வேகவைத்த ஜவ்வரிசிபோலக் கொத்துக் கொத்தாக முட்டையிட்டன. அண்ணனுக்குப் போகும் தட்டுகளில் மட்டும் பாசியைத் தூக்கி அடியில் முட்டைகளை வைத்து அழுத்தினாள்.

"போங்க, கூலிக்குப் போங்க" என்று முட்டைகளிடம் சொன்னாள்.

மழைக்காலம் வந்ததும் ஓட்டல் வரவேற்பறைக் கண்ணாடியெல்லாம் நத்தை ஏறியது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரின் சாப்பாட்டுத் தட்டு விளிம்பில் ஒன்று ஊர்ந்ததாம். மேனேஜர் மொத்தச் செடியையும் திருப்பி அனுப்பிவிட்டார். டிரைவர் வந்து இதைச் சொன்னபோது அவள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"அந்தத் தட்டுல ஏறினதை முதல்லேருந்து சொல்லுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அண்ணன் அவளைத் தேடி வந்தான். முகம் வெளிறி, சட்டை கசங்கியிருந்தது.

"எவ்வளவு பொறுக்கினாலும் தீரலை. நீ ஒரு தடவை வந்து பாரேன்."

"எனக்கு இங்கே கூலி வேலை இருக்குண்ணா. வழி வேணா சொல்றேன். தண்ணியை நிறுத்து. ஈரம் இல்லைன்னா அது செத்துடும்."

பொய் சொல்லவில்லை. ஈரம் இல்லாவிட்டால் பெரணியும் செத்துவிடும் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து பெரணி விற்ற காசில் சாப்பிடுகிறவனுக்கு அதுகூடவா சொல்லித்தர வேண்டும்?

அவன் தண்ணீரை நிறுத்தினான். நத்தைகள் காய்ந்து செத்தன. பெரணிகள் தீயில் காட்டிய காகிதம்போலச் சுருண்டன. ஈரக்கை ஒருநாள் மதியம் போய், வெளியே நின்று கண்ணாடி வழியாக ஆற அமரப் பார்த்தாள். எல்லாம் அவள் கைபட்டு வளர்ந்த செடிகள். நெஞ்சு வலிக்கும் என்று நினைத்திருந்தாள். வலிக்கவில்லை. வழியில் ஒரு கடையில் நின்று நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

கண்ணாடிக் கூடத்தை அண்ணன் விற்றுவிட்டான் என்று செய்தி வந்த பிறகு, அண்ணி கொட்டகைக்கு வந்தாள்.

"இங்கே ஏதாவது வேலை இருக்குமா?"

"அண்ணன் என்ன ஆனார்?"

"அவரோட இனி முடியாது. எங்க அக்கா வீட்டுக்கு வந்துட்டேன்." அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு அப்பவே தெரியும். தட்டை வாங்கிப் பாசியைத் தொட்டியில பரப்பினதே நான்தானே. முட்டையைப் பார்த்தேன்."

ஈரக்கை கையிலிருந்த பாசியைக் கீழே வைத்தாள். "பார்த்துட்டு?"

"மேல தண்ணி தெளிச்சேன்."

ஏன் என்று ஈரக்கை கேட்குமுன் அண்ணியே சொன்னாள். "உன்னைக் கூலிக்காரின்னாவது சொன்னார். நான் யாருன்னு கேட்டா, பதிலே சொல்ல மாட்டார்."

ஈரக்கைக்குக் கோபம்தான் வந்தது. தனக்கே தனக்கென்று இத்தனை நாள் ரசித்து வைத்திருந்த பழியில் இவளும் பங்குக்கு வந்து நிற்கிறாள்.

"அன்னிக்கு வாசல்ல நின்னீங்களே, வாயைத் திறந்திருக்கலாமே அண்ணி."



ஆனாலும் கொட்டகை முதலாளியம்மாவிடம் சொல்லி ஈரக்கையே அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள். சாக்கடையோரம் பாசித் தட்டுக் கழுவும் வேலை. பல மாதங்கள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணி கழுவி அடுக்கிய தட்டுகளை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, பளிச்சென்று இருந்தாலும், "சரியில்லை, மறுபடியும் கழுவுங்க" என்பாள்.